பாதம் பார்க்கும் வேலை

எங்கள் சபையின் முதிய சகோதரிகளுக்கான இல்லத்தில் எனக்கு இப்போது எந்தப் பொறுப்பும் இல்லை. விடியற்காலை செபம், திருப்பலி, காலை உணவு. அதன்பின் மதியம் வரை யாரும் என்னைத் தேட மாட்டார்கள். டான்சானியாவில் தொழுநோயாளிகளுக்குச் செவிலியாக இருந்த காலமெல்லாம் இப்படி ஒரு முற்பகல் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்த பிறகு, அதில் பாதி நேரம் அந்த ஊர் நினைவிலேயே போகிறது. காரணம் என் பாதங்கள்தான்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. திரும்பி வந்து சில வருடங்களில் உள்ளங்கால் மரத்துப்போகத் தொடங்கியது. தினமும் ஒரு கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, பாதத்தின் அடிப்பக்கம் முழுவதையும் பார்க்கிறேன். காய்ப்பு, வெடிப்பு, சிவப்பு, கொப்புளம் என்று தேடுகிறேன். ஆயிரக்கணக்கான பாதங்களில் இதையே தேடியவள் நான். தொழுநோயாளிகளுக்குத் தினமும் அரைமணி நேரம் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, ஈரம் காயும்முன் எண்ணெய் தடவச் சொல்வோம். சர்க்கரை நோயாளிக்கு ஊறவைப்பது கூடாது. கழுவியதும் விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். மற்றபடி வெறுங்காலோடு நடக்காதே, செருப்பை உதறிப் பார்த்துவிட்டுப் போடு, புண் வந்தால் காலை ஊன்றாதே என்பதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் பயிற்சி எடுத்துவிட்டு, 1980-களின் தொடக்கத்தில் டான்சானியாவின் தெற்கே லிண்டிப் பகுதிக்குப் போனேன். முந்திரி மரங்களும் மாமரங்களும் நிறைந்த செம்மண் பூமி. தார் எஸ் சலாமிலிருந்து அங்கே வர ருஃபிஜி ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் சாலை மாதக்கணக்கில் துண்டித்துவிடும். அந்த ஆற்றுக்குப் பாலம் வந்தது 2003-இல்தான். அதனால் நவம்பர் முடிவதற்குள் மருந்து, பஞ்சு, கட்டுத்துணி, மண்ணெண்ணெய் எல்லாம் வந்து சேர்ந்துவிட வேண்டும். உகாண்டாவின் இடி அமீனோடு நடந்த போர் முடிந்து நாடு மிகவும் தட்டுப்பாட்டில் இருந்த நேரம் அது. சோப்புகூடக் கிடைக்காது. புண்ணைக் கழுவ உப்புத் தண்ணீரை நம்பியிருந்த மாதங்கள் உண்டு.

காசநோய்க்கும் தொழுநோய்க்கும் சேர்த்து ஒரே தேசியத் திட்டத்தை டான்சானியா 1977-லேயே தொடங்கியிருந்தது. நாங்களும் அதன் கீழ்தான் வேலை செய்தோம். தொழுநோய்க்கு அதுவரை டாப்சோன் என்ற ஒரே மாத்திரைதான். பல பேர் வாழ்நாள் முழுக்க விழுங்கினார்கள். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது: மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசின் எங்கள் கண்முன்னே விழுங்க வேண்டும், மற்ற மாத்திரைகள் வீட்டில். கிருமி அதிகமுள்ளவர்களுக்கு அப்போது குறைந்தது இரண்டு வருடம். பிற்பாடு அது ஒரு வருடமானது. இந்த நோய்க்கு முடிவு உண்டு என்று நோயாளியிடம் துணிந்து சொல்ல முடிந்த முதல் தலைமுறைச் செவிலியர்கள் நாங்கள். இதை நினைக்கும்போதெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

சொல்வது சுலபம், நம்ப வைப்பதுதான் வேலை. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவந்து போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அடுத்த மாதம் ஆள் வரமாட்டார். கூட்டு மருந்தில் இன்னொன்றான க்ளோஃபசிமின் தோலைக் கறுக்க வைக்கும். நோயால் தோலில் வந்த திட்டுகள் இன்னும் கறுப்பாகத் தெரியும், அதுவரை அறியாத அண்டைவீட்டாரும் அறிந்துகொள்வார்கள். மருந்தை நிறுத்தினால் மெல்ல மங்கிவிடும் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வோம். மாத்திரை கொடுக்க ஒரு நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் இப்படிப் பேச்சில்தான் போகும். அதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி என்று இன்றும் நினைக்கிறேன்.

தொழுநோய் நரம்பை அழித்து உணர்வைப் போக்கிவிடும். கிருமி செத்தாலும் அழிந்த நரம்பு திரும்பாது. விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாத கையும் காலும் அடிபட்டுத் தீய்ந்துதான் அழிகின்றன என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். கரிகிரியில் பாடமாகக் கேட்டதை லிண்டியில் கண்ணால் பார்த்தேன். முந்திரி அறுவடை முடிந்தால் கைப்புண்ணோடு பெண்கள் வருவார்கள். கொட்டையைச் சுடும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். உணர்வுள்ள கை உடனே விலகிவிடும். இவர்களின் கை விலகாது.

ஒரு முதிய தாயை மறக்க முடியாது. உள்ளங்காலில் ரூபாய்க்காசு அகலத்துக்குப் புண். ஆறு வாரம் நடக்கக் கூடாது என்றேன். நிதானமாக என்னைப் பார்த்து, “வலிக்கவே இல்லையே சிஸ்டா, எதற்குப் படுத்திருக்க வேண்டும்?” என்று கேட்டார். சோளக் கொல்லையில் களை எடுக்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டும், தண்ணீர் தொலைவில் இருந்தது. ஆனாலும் வார்டில் தங்கினார். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரமும் இருந்தார். புண் மூடியது.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது என் கால் மரத்த பிறகுதான் முழுதாகப் புரிகிறது. போன வருடம் என் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். மருத்துவர் காலை ஊன்றாதீர்கள் என்றார். இத்தனை வருடம் இதையே சொன்ன எனக்கே எழுந்து நடக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. வலி இருந்தால் உடம்பே நம்மை உட்கார வைத்துவிடும். வலி இல்லாதபோது, தன் உடம்பு சொல்வதைத் தள்ளிவிட்டு வேறொருவர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தாய் நம்பியது கடல் கடந்து வந்த, அவருடைய மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசிய, அவர் மகள் வயதுள்ள ஒருத்தியின் சொல்லை. மறைப்பணி என்றால் நாம் கொடுக்கப் போவது என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அங்கே கொடுக்கப்பட்ட நம்பிக்கையின் அளவை இப்போதுதான் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

இங்கே வருகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, “எத்தனை பேரை மனம் திருப்பினீர்கள், சிஸ்டர்?” கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். லிண்டிக் கடற்கரைப் பக்கம் பெரும்பாலானோர் இஸ்லாமியர். எங்கள் நோயாளிகளும் அப்படியே. ரமலான் மாதத்தில் பகலில் மாத்திரை விழுங்க மாட்டார்கள். அதனால் அந்த மாதம் மட்டும் மருந்து மேசையை மாலையில் வராந்தாவுக்குக் கொண்டுவந்து விடுவோம். பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடித்து நோன்பு திறப்பார்கள், தொழுவார்கள், பிறகு வரிசையில் வந்து எங்கள் முன்னால் ரிஃபாம்பிசின் விழுங்குவார்கள். உள்ளே சிற்றாலயத்தில் எங்கள் மாலைச் செபம் நடக்கும். மருந்துக்காக எவரையும் செபிக்கச் சொன்னதில்லை. இயேசு தொழுநோயாளியைத் தொட்டார் என்று நற்செய்தி சொல்கிறது. தொட்டபின் அவரிடம் எதையும் கணக்குக் கேட்கவில்லை. நான் போனது அந்தத் தொடுதலுக்காகத்தான். அதை என் விசுவாசத்தின் முழு அறிக்கையாகவே எண்ணுகிறேன்.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே என்பவர்களும் உண்டு. இந்தியாவில் 2005 முடிவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற அளவு எட்டப்பட்டது. அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருப்பது முடிந்தது என்ற கணக்கே தவிர, நோய் முடிந்தது என்ற கணக்கல்ல. 2023-இல் உலகில் 1,80,000-க்கும் அதிகமான புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் இந்தியாவில். ஒழிந்துவிட்டது என்று எண்ணும் இடத்தில் திட்டைப் பார்த்துச் சந்தேகப்படும் கண்கள் குறைகின்றன. அதுவே எனக்குப் பெரிய கவலை.

அதனால்தான் மேலாளர் சகோதரியிடம் ஒரு வேலை கேட்டு வாங்கினேன். ஆப்பிரிக்காவுக்குப் போகவிருக்கும் இரண்டு இளம் சகோதரிகள் வாரம் இருமுறை மாலையில் என் அறைக்கு வருகிறார்கள். பால்பாயின்ட் பேனா நுனியால் உணர்வு பார்ப்பது, முழங்கையின் உட்பக்கம் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, நம் விரலால் தடுத்துக்கொண்டே சுண்டுவிரலை நகர்த்தச் சொல்லி வலுவை அளப்பது எல்லாம் சொல்லித் தருகிறேன். இருவரும் நரம்பை அழுத்திப் பார்க்கிறார்கள், நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அழுத்தும்போது முகம் சுளித்தால் நரம்பில் வீக்கம் இருக்கிறது, அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், காலம் கடந்தால் கை போய்விடும். போன வாரம் இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வரும் செவ்வாய்க்கிழமை, இந்த நோயால் இமை மூடாமல் போகும் கண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம்.