வகுப்பு நடுவே அறுந்துபோகும் இணைப்பு: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 4, திங்கள்

ஆன்லைனில் நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நியூ ஜெர்சி குழந்தைக்கு இன்றிலிருந்து வகுப்பு காலை 6 மணிக்கு. அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டார்கள். அவளுக்கு அதே மாலை 7.30தான். எனக்குத்தான் 5 மணி 6 ஆகியிருக்கிறது. சுரங்களை இரட்டையாகப் பாடும் ஜண்டை வரிசையில் இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) நன்றாக வந்துகொண்டிருந்தபோது, 6.12க்குப் படம் அப்படியே நின்றது. மூன்று நிமிடம் கழித்து நான் மீண்டும் உள்ளே போனபோது அவள் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். தாளம் போட்ட கை தளர்ந்துவிட்டது.

11 மணிக்கு சிட்னி அண்ணன் தங்கை. அங்கே மாலை 4.30, பள்ளி விட்டு வந்ததும் உட்காருவார்கள். 11.25க்கு அதுவும் போயிற்று. ரௌட்டரை அணைத்துப் போட்டேன், வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். ஒரு மணிக்கு மேல் தானாக வந்தது. தீபாவளி முடிந்ததிலிருந்து இப்படித்தான்.

சேவை எண்ணில் பேசியவர், "மழைக்காலம் மேடம், தஞ்சாவூர் பூரா இப்படித்தான்" என்றார்.

நவம்பர் 5, செவ்வாய்

சிட்னி பையனின் அம்மா இரவு எழுதியிருந்தார். அவனுக்கு எட்டு வயது. தனியாகப் பாடத் துணிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவன் பாடும்போது இணைப்பு அறுந்தால், தான் தப்பாகப் பாடியதால்தான் டீச்சர் போய்விட்டார் என்று நினைக்கிறானாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதை நானே உட்கார்ந்து கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

மதுரையில் அக்கா மகன் நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். அழைத்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, போனதும் என்ன பண்றீங்க?"

"அணைச்சுப் போடறேன்."

"அதைத்தான் பண்ணக் கூடாது. அணைச்சீங்கன்னா எதனால போச்சுங்கிற தடயமே அழிஞ்சிடும். முதல்ல லைட்டைப் பாருங்க, போட்டோ எடுங்க, நேரத்தை எழுதி வைங்க. அப்புறம் அதோட பக்கத்தைத் திறந்து பாருங்க."

அதோட பக்கம் என்றால் 192.168.1.1. உலாவியில் அந்த எண்ணை அடித்தால் ரௌட்டரின் உள்பக்கம் வரும். கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருந்தது. நான்கு வருடமாக வீட்டில் இருக்கும் பெட்டி, அதன் உள்ளே இன்றுதான் போய்ப் பார்க்கிறேன்.

எதை எந்த வரிசையில் பார்ப்பது என்றும் சொன்னான். இணைப்பு போயிருக்கும்போதும் 192.168.1.1 திறந்தால் வீட்டுக்குள் வைஃபை சரி. திறக்கவில்லை என்றால் கோளாறு வைஃபையிலோ பெட்டியிலோ. பக்கம் திறந்தும் வெளியே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இணையத்தில் எப்போதும் பதில் தரும் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் ஒரு சின்னச் செய்தி, அனுப்பிப் பார்க்க வேண்டும். அதற்குப் பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கம் தகராறு. பதிலே இல்லை என்றால் வெளியே போகும் வழியே அடைபட்டிருக்கிறது. கடைசியாக, 'அப்டைம்' என்ற வரியைப் பார்க்கச் சொன்னான். பெட்டி எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்று அதில் இருக்கும்.

மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து ரௌட்டர் பக்கத்தில் வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

காலை 6.11. இந்த முறை கண் பெட்டியின் மேலேயே இருந்தது. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்து வந்தன. நான் தொடவே இல்லை. பக்கத்தைத் திறந்தேன். அப்டைம்: 2 நிமிடம்.

பகல் 11.20. பவர் விளக்கு அசையாமல் எரிகிறது. பான் என்று எழுதிய, லைன் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு அணைந்து, எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) என்ற இடத்தில் சிவப்பு மின்னுகிறது. 192.168.1.1 திறக்கிறது. 8.8.8.8இலிருந்து பதில் இல்லை. அப்டைம்: 5 மணி 8 நிமிடம்.

நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிய பிறகுதான் புரிந்தது. காலையில் பெட்டியே செத்துப் பிழைக்கிறது. பகலில் பெட்டிக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய வெளிச்சம் வரவில்லை. இவ்வளவு நாளும் ஒரே நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். அம்மா விரதம். விடியற்காலையிலிருந்து அடைமழை. காலை 6.12க்குப் போயிற்று, வழக்கம்போல். ஆனால் பகல் முழுவதும் ஒரு நிமிடம்கூட அறுபடவில்லை. சிட்னி வகுப்பு 50 நிமிடமும் நடந்தது. மழையால்தான் என்றவருக்கு இந்த நோட்டைக் காட்ட வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

காலை 6.10க்கு ரௌட்டர் அருகில் நின்றேன். கீழே அம்மா மோட்டார் சுவிட்சைப் போட்டார். கூடத்து டியூப்லைட் ஒரு கணம் மங்கியது. பெட்டியின் விளக்குகள் அணைந்தன.

5 மணி வகுப்பாக இருந்தபோது மோட்டார் ஓடும் முன்பே பாடம் முடிந்துவிடும். அமெரிக்கக் கடிகாரம் நகர்ந்ததால் இந்தக் கோளாறு வகுப்பு நேரத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. எத்தனை மாதமாக இருந்ததோ.

எலெக்ட்ரீஷியனை வரச்சொன்னேன். அடாப்டரைக் கழற்றி மீட்டரை வைத்தார். 12.2 வோல்ட் காட்டியது. "அடாப்டர் நல்லாதான் இருக்கு அக்கா, ரௌட்டரை மாத்துங்க" என்றார். மாற்றத் தயாராகத்தான் இருந்தேன். ராத்திரி அக்கா மகன் தடுத்தான். ரௌட்டரை ஓட்டும் பாரம் இல்லாமல் அளந்தால் வயதான அடாப்டரும் 12 காட்டும் என்றான். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டால், மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் மின்சாரம் தாழும்போது அதனால் தாங்கிப் பிடிக்க முடியாது.

நவம்பர் 9, சனி

மகளும் நானும் சோதித்தோம். அவள் மோட்டார் சுவிட்சில், நான் ரௌட்டரில். பழைய அடாப்டருடன் நான்கு முறை மோட்டார் போட்டதில் மூன்று முறை பெட்டி அணைந்து எழுந்தது. பிறகு பக்கத்து வீட்டில் சும்மா கிடந்த ஒரு அடாப்டரை வாங்கி மாட்டினோம். அதே நான்கு முறை. ஒரு தடவையும் அணையவில்லை.

சாயங்காலம் புதிது வாங்கிவிட்டேன். கடையில் கவனித்து வாங்க வேண்டும்: வோல்ட் பழையதில் போட்டிருக்கும் அதே எண்ணாக இருக்க வேண்டும். எங்கள் பெட்டிக்கு 12. ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவும், நடுவில் பாசிட்டிவா என்பதும் பொருந்த வேண்டும். பழையதில் 1 ஆம்பியர், வாங்கியது 2.

நவம்பர் 11, திங்கள்

நியூ ஜெர்சி வகுப்பு முழுசாக நடந்தது! 6.10க்கு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாடிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் காலம்.

பகலில் வெயில். 11.40க்கு சிவப்பு.

இன்று பெட்டியின் பக்கத்தில் இன்னொரு இடம் கண்டுபிடித்தேன். 'ஆப்டிகல்' என்ற தலைப்பின் கீழ் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஒரு எண். வந்துசேரும் வெளிச்சத்தின் அளவு, டிபிஎம் கணக்கில். காலையில் பார்த்தபோது -22.1. மைனஸில் இருப்பதால் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. 3 குறைந்தால் வெளிச்சம் பாதி, 6 குறைந்தால் கால். எங்கள் பெட்டி போன்றவற்றுக்குச் சுமார் -27 வரைக்கும் தாங்கும், அதற்குக் கீழே தடுமாறும் என்றான் அக்கா மகன். 11.30க்கு -27.8 காட்டியது, பத்து நிமிடத்தில் இணைப்பே இல்லை. 2.30க்கு யாரும் எதுவும் செய்யாமல் -22.4.

நவம்பர் 13, புதன்

லைன்மேன் தம்பி வந்தார், கொட்டும் மழையில். நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார். அவருடைய சின்னக் கருவியால் அளந்ததிலும் -22தான். "லைன் சுத்தமா இருக்கே அக்கா" என்றார். இருந்தாலும் பெட்டியில் செருகும் பச்சைக் கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மழை நாளில் இது போகாதே என்று எப்படி நம்ப வைப்பது? காபி குடித்துவிட்டுத்தான் போனார், நல்ல பிள்ளை.

நவம்பர் 14, வியாழன்

வெயில். 10.50க்கு அறுந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகான வெயில், இதுவரை இல்லாத அளவுக்கு நீண்டது: 2.40 வரை. சிட்னி பையன் தன் வரிசையைத் தொடங்கி ஒரு ஆவர்த்தனம்கூட (தாளத்தின் ஒரு சுற்று) முடியவில்லை. அறையில் சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் அம்மாவின் தொலைபேசிக்கு உடனே அழைத்து, அவனையே பேசச் சொல்லி, நீ சரியாகப் பாடினாய், என் வீட்டு லைன்தான் போயிற்று என்றேன். "ஓகே மிஸ்" என்றான். நம்பினானா தெரியவில்லை.

வெயில் சூட்டில் கேபிள் நீள்கிறதோ என்று யோசித்தேன். அப்படியென்றால் 2 மணி உச்சி வெயிலில்தானே மோசமாக இருக்க வேண்டும், அப்போது சரியாகத் தொடங்குகிறதே. பொருந்தவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

நல்ல வெயில். ஒரு முறைகூட அறுபடவில்லை. அரைமணிக்கு ஒரு தடவை எண்ணைப் பார்த்தேன்: -22.1, -22.2, -22.1.

இது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கலக்கத்தைத்தான் தந்தது. நேற்றைப் போலவே வெயில், நேற்றைப் போலவே காற்று. நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் மழை, வெயில், மின்தடை என்று கட்டம் போட்டு நிரப்பியிருக்கிறேன். எந்தக் கட்டமும் இன்றைக்கு ஒத்துவரவில்லை. வேறு என்ன மாறியது?

அம்மா வீட்டில் இல்லை. ஐப்பசிப் பௌர்ணமி, தெருக்கோடி சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். காய்கறி நறுக்கிக் கொடுக்கக் காலையிலேயே போய்விட்டார். சாயங்காலம் வந்து, "இன்னிக்குத் துணிகூடத் தோய்க்கலை" என்றார். இதை எழுதும்போதுதான் அந்த வார்த்தை உறைக்கிறது. பேனாவை வைத்துவிட்டு மாடிக்குப் போய்வந்தேன். இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு.

நவம்பர் 16, சனி

கண்டுபிடித்தாயிற்று.

தெருக் கம்பத்திலிருந்து வரும் கறுப்புக் கேபிள் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கொக்கியைத் தொட்டுக் கீழே இறங்குகிறது. தீபாவளிக்கு முன் வெள்ளையடித்தபோது துணிக்கொடியை அவிழ்த்திருந்தார்கள். வேலை முடிந்ததும் நைலான் கயிற்றைத் திரும்பக் கட்டியது அதே கொக்கியில், கேபிளையும் சேர்த்து இறுக்கி. கொடி காலியாக இருந்தால் கயிறு தளர்ந்திருக்கும், கேபிளுக்கு ஒன்றுமில்லை. ஈரத் துணி ஏறினால் கயிறு இழுக்கும், கேபிள் கொக்கி மேல் நகக்கண் அளவுக்கு மடங்கும்.

அந்தக் கறுப்பு உறைக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. வெளிச்சம் போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். மெதுவாக வளைத்தால் வெளிச்சமும் கூடவே வளைந்து போகும். சட்டென்று மடித்தால், மடிந்த இடத்தில் வெளியே கசிந்துவிடும். இழை உடையவும் இல்லை, அறுபடவும் இல்லை. அதனால்தான் துணி காயக் காய, பாரம் குறையக் குறைய, இணைப்பு தானாகத் திரும்பியது. மழை நாளில் துணி மாடிக்கே போகாது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு சேர்ந்த துணியெல்லாம் ஒரே நாளில் ஏறியது, அதுதான் வியாழக்கிழமை.

மகளை ரௌட்டர் முன் உட்காரவைத்து எண்ணைச் சொல்லச் சொன்னேன். அம்மா நனைந்த போர்வையைக் கொடியில் போட்டார். கீழிருந்து குரல்: "மைனஸ் இருபத்தஞ்சு!" இரண்டாவது போர்வை. "இருபத்தெட்டு… சிவப்பும்மா!" எடுக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் பச்சை.

அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. "நான் துணி போட்டா அந்தக் கொழந்தை பாட்டு நிக்குமா?" என்று இரண்டு தரம் கேட்டார். உங்கள்மேல் என்ன தப்பு, கயிறு கட்டியவருக்கே அது கேபிள் என்று தெரிந்திருக்காது என்றேன். உடனே கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டித் தூணுக்கு மாற்றிக் கட்டினோம்.

நவம்பர் 18, திங்கள்

லைன்மேன் தம்பி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கொக்கியில் மடங்கிய இடத்தில் உறையே நசுங்கியிருந்தது. அந்த இடத்தை நம்பி விட வேண்டாம் என்று, கம்பத்திலிருந்து புதுக் கேபிள் இழுத்து, பக்கச் சுவர் வழியாக இறக்கினார். மூலையில் கையகல வட்டமாகச் சுற்றி விட்டிருக்கிறார். நான் கேட்கும் முன்பே கருவியைக் காட்டினார்: -20.6. பழைய கேபிள் நல்ல நாளில் காட்டியதைவிடவே மேல்.

அவர் என் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டார். இன்னொரு தெருவில் ஒரு வீட்டில் இரண்டு மாதமாக இதே மாதிரி வந்து வந்து போகிறதாம். அங்கேயும் எழுதி வைக்கச் சொல்லப் போகிறேன் என்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

வெயில். அம்மா 9 மணிக்கு இரண்டு போர்வை, ஒரு பட்டுக்கரை வேட்டி, மகளின் சீருடை எல்லாம் மாடியில் போட்டுவிட்டுக் கீழே வந்து, கேட்காமலேயே ரௌட்டரின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார். 10.30க்கு -20.6. 11.30க்கு -20.6.

சிட்னி பையன் நான்காவது ஜண்டை வரிசையைத் தனியாகப் பாடினான். நடுவில் ஒரு இடத்தில் ரிஷபம் கொஞ்சம் ஏறியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தான். நான் அங்கேயேதான் இருந்தேன். தாளத்தைத் தட்டிக்கொண்டே, "ம், பாடு" என்றேன். மறுபடி முதலிலிருந்து எடுத்தான்.