வார்டில் மேகி

ஜூன் 4
ஸ்கேன் அறிக்கை நாளைதான் வருமாம். அப்பா தூங்குகிறார். மடியில் ஜார்ஜ் எலியட்டின் 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்', 1860இல் வெளியான நாவல். தொடக்கத்திலேயே டல்லிவர் விருந்தாளியிடம் மகள் மேகியைப் பற்றிச் சொல்கிறார்: பெண்ணுக்கு இவ்வளவு புத்தி ஆகாது, தொல்லையில்தான் முடியும். அவர் குரலில் அதட்டல் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் எனக்கு ஆறவில்லை. மனைவியையும் அதிகப் புத்தி இல்லாதவள் என்பதற்காகவே பார்த்துக் கட்டினாராம்.

ஜூன் 5
அறிக்கை வரவில்லை.

ஜூன் 6
"மகன் வரட்டும், அவரிடம் பேசிக்கொள்கிறேன்" என்றார் டாக்டர். அப்பாவும் தலையாட்டினார். இரவும் பகலும் பக்கத்தில் இருப்பவள் நான்.

நாவலில் மேகியின் அண்ணன் டாமுக்கு லத்தீனும் யூக்ளிடின் வடிவியலும் தலையில் ஏறவில்லை. அவனைப் பார்க்க வந்த தங்கை மேகிக்கு அந்தப் புத்தகங்கள்மேல் தீராத ஆசை. பெண்களால் இதையெல்லாம் படிக்க முடியுமா என்ற பேச்சு வருகிறது. மேலோட்டமான சாமர்த்தியம் உண்டு, எதிலும் ஆழமாகப் போகமாட்டார்கள் என்று தீர்ப்பளிக்கிறார் டாமுக்குப் பாடம் சொல்லும் ஸ்டெல்லிங். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று டாம் வெற்றியோடு தலையை ஆட்டுகிறான். எப்போதும் பதில் வைத்திருக்கும் மேகிக்கு அன்று வாயே திறக்கவில்லை. பிறகு டல்லிவர் வழக்கில் தோற்றுக் குடும்பம் நொடித்தபோது அவளால் சம்பாதிக்க முடிந்தது தையல் கூலிதான். படிப்பு முழுவதும் டாமுக்குப் போயிருந்தது. அவனுக்கும் அது உதவவில்லை.

அந்தத் தலையாட்டல் கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது.

ஜூன் 7
அப்பாவுக்குக் காய்ச்சல். எதுவும் படிக்கவில்லை.

ஜூன் 8
ஊர்ப் பழி சுமந்து திரும்பிய மேகியிடம் டாம் சொல்கிறான்: உன்னைக் கைகழுவிவிட்டேன், நீ எனக்குச் சொந்தமில்லை. அப்போது முன்னால் வருகிறாள் தாய். "உனக்கு அம்மா இருக்கிறாள், நான் உன்னோடு வருகிறேன்." புத்தி குறைந்தவள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அதே மனைவி! புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன்.

ஜூன் 9
எலியட்டின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். ஏற்கெனவே மணமான லூயிஸோடு வாழ்வதை 1857இல் தெரிவித்ததும் அண்ணன் ஐசக் உறவை அறுத்துக்கொண்டார். 1880இல் எலியட் வேறொருவரை முறைப்படி மணந்த பிறகுதான் ஐசக் வாழ்த்துக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் எலியட் இறந்துவிட்டார். கணவன் ஒருவன் வரும்வரை தங்கையே இல்லையா?

சிறுமி மேகி விருந்தாளிக்கு ஒரு படத்தை விளக்குவாள்: தண்ணீரில் தள்ளப்பட்ட கிழவி மிதந்தால் சூனியக்காரி, மூழ்கினால் குற்றமற்றவள். செத்த பிறகு அதனால் அவளுக்கு என்ன பயன் என்றும் மேகியே கேட்பாள். கடைசியில் மேகியை வெள்ளம்தான் கொண்டுபோகிறது.

ஜூன் 10
அண்ணனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. டாக்டர் பத்து மணிக்கு வருகிறார். அறிக்கையை என் கையில் தரச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.