சவாரோ ஏரியில் செல்லாத லைசென்ஸ்

பாலைவனத்துக்குப் போகிறவனுக்குத் தூண்டில் எதற்கு என்று வீட்டில் ஒரே கேலி. ஆனால் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் பக்கம் மீனுக்குப் பஞ்சமே இல்லை. சால்ட் ஆற்றை மறித்து ரூஸ்வெல்ட், அப்பாச்சி, கேன்யன், சவாரோ என்று வரிசையாக ஏரிகள். ஊருக்குள் பூங்காக் குளங்கள் வேறு. என்னை அலைக்கழித்தது மீன் இல்லை, காகிதம்.

2023 நவம்பரில் பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் அக்கா வீட்டுக்கு டூரிஸ்ட் விசாவில் போயிருந்தேன். மீன்பிடி லைசென்ஸ் வாங்க அத்தான் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கவுண்டரில் இருந்த பெண் பெயர், உயரம், கண் நிறம் எல்லாம் தட்டிக்கொண்டே வந்து, அங்கே வேலைக்கும் வரிக்கும் கேட்கிற சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் நின்றார். எனக்கு ஏது அந்த எண்? "எண் இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மத்திய சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தைக் கட்டாமல் தப்பிக்கிற பெற்றோரைப் பிடிக்க, மீன்பிடி லைசென்ஸ் விண்ணப்பத்தில்கூட அந்த எண்ணைக் கேட்கிறார்கள். இருக்கிறவர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாத வெளிநாட்டுக்காரருக்கு லைசென்ஸே கிடையாது என்று அர்த்தமில்லை. இதைக் கவுண்டரில் நின்று யார் விளக்குவது?

அடுத்த கடையில் ஒரு பெரியவர். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், 24 டாலர் வாங்கினார், சீட்டை நீட்டினார். "சவாரோ ஏரியில் செல்லுமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "எல்லா இடத்திலும் செல்லும்" என்றார். குளிர்பெட்டியில் டப்பாவில் அடைத்த மண்புழுவும் அங்கேயே கிடைத்தது.

மறுநாள் விடியற்காலையில் மெசாவைத் தாண்டி புஷ் ஹைவேயில் போனோம். சாலையோரம் காட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. புட்சர் ஜோன்ஸ் கரையில் வண்டியை நிறுத்தினால் ஒரு பலகை: டோன்டோ பாஸ் இல்லாமல் நிறுத்தக் கூடாது. சுற்றுமுற்றும் பார்த்தேன், பாஸ் விற்க ஓர் ஆள் இல்லை, ஓர் இயந்திரம் இல்லை. வந்த வழியே திரும்பி, ஒரு பெட்ரோல் பங்க்கில் 8 டாலருக்கு வாங்கினோம். லாட்டரிச் சீட்டு போல மாதம், தேதி, நேரம் என்று நாமே காசால் சுரண்டி வண்டிக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும். போகும்போதே வாங்கிவிடுங்கள். அந்த ஏரி டோன்டோ வனப்பகுதிக்குள் இருக்கிறது. பாஸ் வனத்துறை சமாச்சாரம், லைசென்ஸ் மாநில மீன்வளத் துறை சமாச்சாரம். ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்பதே கிடையாது.

சரி, ஒருவழியாகத் தங்கூசி நரம்பைக் கோத்து, தக்கையைக் கட்டி, முள்ளில் புழுவை மாட்டினேன். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தவர் பேச்சுக் கொடுத்தார். எந்த லைசென்ஸ் என்று கேட்டார், எடுத்துக் காட்டினேன். "இது கம்யூனிட்டி லைசென்ஸ். ஊருக்குள் இருக்கிற பூங்காக் குளங்களுக்கு மட்டும்தான். இங்கே ரேஞ்சர் வந்தால் அபராதம்" என்றார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெளிமாநிலத்தவருக்கான ஒரு நாள் லைசென்ஸ் அப்போது 20 டாலர்தான். அது ஏரி, குளம் இரண்டுக்கும் செல்லும். வருடம் முழுக்க வேண்டுமென்றால் 55. 24 கொடுத்து வாங்கிய என் சீட்டு இங்கே செல்லாது.

இந்த இடத்தில்தான் அக்கா மகன் கை கொடுத்தான். அவனுக்கு எட்டு வயது. அரிசோனாவில் பத்து வயதுக்குக் கீழ் லைசென்ஸே தேவையில்லை. எங்கள் கூட்டத்தில் சட்டப்படி தூண்டில் போடத் தகுதியுள்ள ஒரே ஆள் அவன்! பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவன் உட்கார்ந்தான். தக்கை லேசாக ஆடி, பக்கவாட்டில் நகர்ந்து, பட்டென்று முங்கியது. "மாமா!" என்ற கத்தலில் கரையே திரும்பிப் பார்த்தது. உள்ளங்கை அகல புளூகில் மீன், செவுள் ஓரத்தில் கறுப்புப் பொட்டு, முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு. என் கை எப்படிப் பரபரத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் கில்பர்ட்டில் வாட்டர் ராஞ்ச் குளம். நூலகத்தை ஒட்டிய இடம், பார்க்கிங் இலவசம், என் 24 டாலர் சீட்டு அங்கே கம்பீரமாகச் செல்லும். குளிர்காலத்தில் டிரவுட், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கெளுத்தி என்று துறையே கொண்டுவந்து விடுகிறது. உச்சக் கோடையில் விடுவதில்லை, நாமும் அந்த வெயிலில் நிற்க முடியாது. இருட்டுகிற நேரம் எனக்கு ஒரு கெளுத்தி மாட்டியது.

அக்கா மகன் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, வீட்டில் வளர்க்கலாம் என்றான். பிடித்த மீனை உயிரோடு எடுத்துப் போவது அங்கே சட்டவிரோதம். "அப்போ அதுக்கும் ஒரு லைசென்ஸ் வாங்கு மாமா" என்றான். அந்தக் கவுண்டருக்கு இனி உன் அப்பாவை அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.