போரோமிரின் சாவு

படத்தைவிட நாவல்தான் எப்பவும் ஒசத்தி என்று சண்டை போடுகிற ஆள்தான் நான். ஆனால் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ஸில் ஒரு இடத்தில் படத்தை எடுத்த பீட்டர் ஜாக்சன், நாவலை எழுதிய டோல்கீனையே தாண்டிவிட்டார். மந்திர மோதிரத்தை அழிக்கக் கிளம்பிய கூட்டத்தில் ஒரு வீரன் போரோமிர். புத்தகத்தில் அவனுடைய கடைசிச் சண்டையை நாம் பார்ப்பதே இல்லை, கொம்புச் சத்தம் கேட்டு அவன் தோழன் அரகார்ன் ஓடிவரும்போது போரோமிர் உடம்பெல்லாம் அம்போடு மரத்தில் சாய்ந்து கிடக்கிறான், அதுவும் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில். 2001இல் வந்த படம் அதை முதல் பாகத்தின் முடிவுக்கே கொண்டுவந்து, ஒவ்வொரு அம்பாகப் பாயவிட்டு, முட்டிபோட்டவன் மறுபடி எழுந்து வாள் வீசுவதைக் காட்டுகிறது. மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவிடமிருந்து அதைப் பிடுங்கப் போனவன் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அங்கேயே போச்சு. அப்புறம், மோதிரம் கைக்கு வந்தும் ஃப்ரோடோ 17 வருஷம் ஊரிலேயே உட்கார்ந்திருப்பதை வெட்டினார்களே, அதற்கும் நன்றி. படத்தில் வெட்டப்பட்ட இன்னொரு பாத்திரமான டாம் பாம்படிலின் ரசிகர்கள் மட்டும் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள்.