முறுக்கும் சீடையும் வீடு வந்து சேர்ந்த கணக்கு

இரண்டு ஃபெரெட்டுக்கு (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள சின்ன வளர்ப்புப் பிராணி) நாங்கள் கொடுத்த தொகை 275 டாலர். முதல் மாதக் கடைசியில் என் வீட்டுக்காரர் கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது வந்தது 1,310 டாலர். பெர்மிட், தீனி, பிராணிகளுக்கென்று அப்பார்ட்மென்டில் கட்டும் மாத வாடகை இதில் இல்லை. அந்த 1,310-ல் 295 டாலர் என் அவசரத்துக்கு நான் கட்டிய தண்டம். இதை எழுதுவதே அந்த 295-க்காகத்தான்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சி, எடிசனில். ஐந்தாவது படிக்கும் மகள் ஒரு வருஷமாக ஃபெரெட், ஃபெரெட் என்று உயிரை எடுத்தாள். நாய்க்கு அப்பார்ட்மென்ட் பெரிசில்லை, பூனை எனக்கு ஒத்துக்கொள்ளாது. மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் படத்தைக் காட்டினேன். "இது கீரிப்பிள்ளைடி! நம்ம கொல்லையில சும்மா ஓடுது, இதுக்கா டாலர் டாலரா கொட்டப்போற?" கீரி வேறு, இது வேறு, கீரியை வீட்டில் வைத்தால் ஊரில் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை "கீரி எப்படி இருக்கு?" என்றுதான் விசாரிக்கிறாள்.

முதலில் போனது பெரிய பெட் ஷாப் ஒன்றுக்கு. குட்டி 329 டாலர், 6.625 சதவீத வரி சேர்த்தால் 350.80. இங்கே கடைகளுக்கு வரும் குட்டிகளில் பெரும்பாலானவை நியூயார்க் மாநிலத்தில் நார்த் ரோஸ் என்ற ஊரிலுள்ள மார்ஷல் பண்ணையில் பிறந்தவை. வலது காதில் நீலமாக இரண்டு புள்ளி பச்சை குத்தியிருக்கும். கருத்தடையும், நாற்றச் சுரப்பியை எடுப்பதும் குட்டியாக இருக்கும்போதே முடிந்துவிடும். அதனால் அந்தச் செலவு நமக்கு இல்லை. ஆனால் கவுன்டரில் இருந்த பையன் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தான்: கூண்டு, ஊஞ்சல் மெத்தை, தீனி, மாதாமாதம் கட்டும் ஏதோ ஒரு திட்டம். அடுக்கியதில் பைன் மரத்தூள் மூட்டையும் இருந்தது. ஃபெரெட்டின் நுரையீரலுக்கு ஆகாது என்று மகள் அவனுக்கே பாடம் எடுத்தாள். பில் 700-ஐத் தாண்டியதும், "யோசிச்சிட்டு வர்றோம்" என்று நகர்ந்துவிட்டோம்.

அடுத்துதான் என் அதிபுத்திசாலித்தனம். நியூயார்க் நகரத்தின் க்வீன்ஸ் பகுதியில் ஒருவர் கூண்டோடு ஒரு ஃபெரெட்டை 120 டாலருக்குத் தருவதாக விளம்பரம் போட்டிருந்தார். இரண்டு பாலம், இரண்டுக்கும் டோல், பெட்ரோல், எல்லாம் சேர்த்து 45 டாலர், ஒரு சனிக்கிழமை. நியூயார்க் நகரத்துக்குள் ஃபெரெட் வளர்ப்பதே சட்டவிரோதம் என்பது எனக்குத் தெரியாது. 2015-ல் தடையை நீக்கச் சொல்லி நகரச் சுகாதார வாரியத்தில் ஓட்டெடுப்பு வரை போய்த் தோற்றிருக்கிறது. ஒரே ஆற்றுக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் செல்லம். கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் மாநிலம் முழுக்கவே தடை. அங்கே இருப்பவர்கள் மேலே படிக்காமல் ஒரு பூனையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த ஆள் கதவைப் பாதி திறந்து, வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார். தடுப்பூசிச் சீட்டு கேட்டேன். "இங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஃபெரெட் கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது. வாலில் முடியே இல்லை; எலி வால் மாதிரி வழவழவென்று, முதுகின் பாதி வரைக்கும் மொட்டை. "முடி உதிர்ற சீசன்" என்றார். மகளோ வாலையும் காதையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. வாங்காமலே திரும்பிக் காரில் ஏறியதும்தான் அழுதாள். அட்ரினல் சுரப்பியில் நோய் வந்தால் முடி வாலிலிருந்துதான் கொட்ட ஆரம்பிக்கும், ரொம்பச் சின்ன வயதில் கருத்தடை செய்தவற்றுக்கு அது அதிகம் வரும் என்றாள். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பிறகு டாக்டரிடம் கேட்டபோது, ஹார்மோனைக் கட்டுப்படுத்தத் தோலுக்கு அடியில் ஒரு இம்ப்ளான்ட் வைக்க வேண்டியிருக்கும், அதுவும் காலம் தீர்ந்ததும் திரும்பத் திரும்ப என்றார். ஒவ்வொரு தடவையும் சில நூறு டாலர். 120 டாலர் ஃபெரெட்டின் நிஜ விலை அது. விளம்பரம் பார்த்துப் போகிறவர்கள் முதலில் வாலைப் பாருங்கள். படம் அனுப்பச் சொல்லும்போதே வாலும் முதுகும் தெரிகிற மாதிரி கேளுங்கள். முகத்தை மட்டும் அனுப்பினால் கிளம்பாதீர்கள்.

தனியாகக் குட்டி போட வைத்து விற்கிறவர்களையும் விசாரித்தேன். பென்சில்வேனியாவில் ஒருவர், குட்டி 400, முன்பணம் 100, அடுத்த வசந்தம் வரை வரிசையில் காத்திருக்க வேண்டும். பரம்பரை நோய் விவரமெல்லாம் எழுதியே தருகிறார். ஆனால் கருத்தடை நம் பொறுப்பு. பெண் ஃபெரெட்டை அப்படியே விட்டுவிடவும் முடியாது. பருவத்துக்கு வந்து இணை சேராவிட்டால் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் இறங்காமலே நின்று, ரத்தசோகையில் செத்துப்போகக்கூடும். 400-க்கு மேல் ஆபரேஷன் செலவையும் போட்டு வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை மடித்துவைத்தார்.

கடைசியில் ரெஸ்க்யூ, அதாவது கைவிடப்பட்ட பிராணிகளை வைத்துப் பார்த்துத் தத்துக் கொடுக்கும் அமைப்பு. மூன்று வயது ஆண் ஒன்று, நாலு வயது பெண் ஒன்று. பிரிக்கக் கூடாத ஜோடி என்பதால் இரண்டும் சேர்த்து 275. ஃபெரெட் ஆறிலிருந்து எட்டு வருஷம் இருக்கும் என்பார்கள், அதனால் பாதி ஆயுள் போன ஜோடி. மகளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. விண்ணப்பம் ஆறு பக்கம். மருத்துவர் பெயர், கூண்டின் படம், வீட்டைப் பார்க்க ஒரு நாள், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம். மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. கடிதம்தான் பதினெட்டு நாள்.

எங்கள் அப்பார்ட்மென்ட் ஆபீஸில் இருந்த பெண் முதல் கேள்வியிலேயே கவிழ்த்தாள்: "எலி வகையா? எலி வகை கூடாதே." எலி இல்லை, நீர்நாய்க்குச் சொந்தம் என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. "தண்ணீர்த் தொட்டி வைப்பீர்களா?" மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். ஐந்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது: "கூண்டில் வைக்கும் சிறு பிராணி வளர்க்க அனுமதி." சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். ரெஸ்க்யூவிலிருந்து ஒரே வரியில் பதில், ஃபெரெட் என்ற வார்த்தை இல்லாத கடிதம் செல்லாது. இப்படிப் பொத்தாம்பொதுவான கடிதத்தை நம்பிக் கொடுத்து, பிறகு வீட்டு உரிமையாளர் விரட்டி, திரும்பி வந்தவை அவர்களிடம் ஏராளமாம். சரிதான். ஆனால் திரும்ப ஆபீஸுக்குப் போனால் அந்தப் பெண் லீவு. மேனேஜரோ, "அவள்தான் டைப் பண்ணணும்." ஒரு வார்த்தை சேர்க்க எட்டு நாள்! இதற்குள் அந்த ஜோடிக்கு இன்னொரு குடும்பமும் விண்ணப்பித்துவிட்டது. ஒன்பதாவது நாள் கடிதத்தை நானே டைப் செய்து எடுத்துக்கொண்டு போய், "படிச்சுப் பார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்க" என்று மேனேஜரிடம் நீட்டினேன். போட்டுவிட்டார். நீங்களும் முதல் நாளே இப்படிச் செய்யுங்கள்.

அங்கேயே ஒரு சின்ன வெற்றியும் கிடைத்தது. ஒப்பந்தப்படி ஒரு பிராணிக்குத் திரும்பிவராத கட்டணம் 300, மாதம் 35. இரண்டுக்கும் என்றால் 600, மாதம் 70. பிரிக்கக் கூடாத ஜோடி என்று ரெஸ்க்யூ கொடுத்த தாளைக் காட்டி, ஒரே கூண்டு, ஒரே கணக்கு என்று வாதாடினேன். மேனேஜர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றுக்கே போட்டுக்கொண்டார். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வாயால் சொன்னது அடுத்த மேனேஜர் வந்தால் காற்றோடு போய்விடும்.

கூண்டு, ஃபெரெட் நேஷன் என்ற பிராண்டில் பழைய இரண்டடுக்கு, 110 டாலருக்கு அகப்பட்டது. நியூஜெர்சியில் ஃபெரெட் வைத்துக்கொள்ள மாநிலத்தின் வனவிலங்குப் பிரிவில் பெர்மிட் வாங்க வேண்டும். ரெஸ்க்யூ தந்த ரசீதைச் சேர்த்து அனுப்பினேன், தபாலில் வந்தது. இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆணுக்கு முறுக்கு, பெண்ணுக்கு சீடை என்று மகள் பெயர் வைத்தாள். வந்த அன்றே முறுக்கு என் ரப்பர் கரண்டியைத் திருடி சோபாவுக்கு அடியில் கொண்டுபோய்விட்டான். ஃபெரெட் என்ற சொல்லுக்கே லத்தீனில் சின்னத் திருடன் என்றுதான் வேராம். சிரித்தோம். ரப்பரைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்து ஆபரேஷன், அது ஆயிரக்கணக்கில் என்று படித்ததும் சிரிப்பு நின்றது. வீட்டிலுள்ள ரப்பர் அத்தனையும், இயர்போனின் ரப்பர் நுனி உட்பட, இப்போது மேல் அலமாரியில்.

தடுப்பூசி போடப்பட்டவை என்று தாளில் இருந்தது. தேதியை நான் பார்க்கவில்லை. பதினொரு மாதத்துக்கு முந்தைய தேதி! அடுத்த மாதமே ரேபிஸுக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கும் மறுபடி ஊசி போட வேண்டும். டிஸ்டெம்பர் வந்தால் ஃபெரெட் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்பதால் தள்ளிப்போடவும் முடியாது. ஒரு கிளினிக்குக்கு போன் செய்து, "எக்ஸாட்டிக் பிராணிகளைப் பார்ப்பீர்களா?" என்றேன், நாய் பூனை அல்லாதவற்றை இங்கே அப்படிச் சொல்வார்கள். "ஓ, பார்ப்போமே" என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். ஐம்பது நிமிஷம் ஓட்டிப் போனால், அங்கே எக்ஸாட்டிக் என்றால் முயல், கினிப்பன்றி, கிளி. டாக்டர் நல்லவர். "என்னிடம் அந்த ஊசியே இல்லை" என்று வெள்ளையாகச் சொன்னார். ஆனால் தொட்டுப் பார்த்ததற்கு 85 டாலர். கவுன்டரில் சண்டை போட்டேன், "கன்சல்டேஷன் நடந்துவிட்டதே" என்பதோடு முடிந்தது. ஆகவே போனில் மூன்றைக் கேளுங்கள்: ஃபெரெட்டைப் பார்ப்பீர்களா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், டிஸ்டெம்பர் ஊசி இன்றைக்குக் கையில் இருக்கிறதா. ஃபெரெட்டுக்கென்று உள்ள ஊசிக்கு அடிக்கடி தட்டுப்பாடு. பல டாக்டர்கள் நாய்க்குட்டிக்கு உள்ளதையே நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போடுகிறார்கள்.

சரியான டாக்டரை வேறொரு ஊரில் பிடித்தோம். ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை 90, ஊசிகள் 75. "இரண்டு ஊசிக்கும் நடுவில் ரெண்டு வாரம் விடலாமே, ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரியும்" என்றார் டாக்டர். இரண்டு தடவை வந்தால் இன்னொரு 180 டாலர். "இன்னிக்கே போட்டுடுங்க" என்றேன் நான்.

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இருபதாவது நிமிஷம் முறுக்கின் மூக்கு சிவந்தது. பிறகு நாலு பாதமும். வால் பாட்டில் பிரஷ் மாதிரி விரைத்தது. மகளின் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டுத் துணிபோலத் தொங்கினான். நர்ஸ் ஒன்றும் கேட்காமல் அவனை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். மகள் ஈரப் பாவாடையோடு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள், என்னைப் பார்க்கவே இல்லை. நாற்பது நிமிஷம். ஒவ்வாமைக்கு பெனட்ரில் ஊசி, இன்னும் ஏதோ. வெளியே வந்தபோது அரைத் தூக்கத்தில் கொட்டாவி விட்டான். பில்லில் கூடுதலாக 165.

ராத்திரி நோட்டில் எழுதும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "180 மிச்சம் பண்ணி 165 கட்டியிருக்க. அப்படியும் பதினஞ்சு டாலர் லாபம்தான்." ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷத்துக்கு மகளே காலண்டரில் எழுதி ஒட்டிவிட்டாள். ரேபிஸ் ஒரு சனிக்கிழமை, டிஸ்டெம்பர் இரண்டு வாரம் தள்ளி இன்னொரு சனிக்கிழமை. கீழே வீட்டுக்காரர் கையெழுத்தில், 90, 90, மறுபடி 90, 90. யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறார்.