மாடிக்குக் குடிவந்தவர்

மாடி போர்ஷனுக்கு ஒரு திருநங்கை வரப்போகிறார் என்றதும் எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் அறிவுரைகள் பெருகின. "குழந்தைகள் இருக்கிற இடம் சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மின்சார ரயிலில் கைதட்டல் கேட்டால் என் கை இன்றும் சட்டைப்பையைத் தொடுகிறது. வந்தவரோ மருத்துவமனையொன்றில் கணக்கு பார்ப்பவர். அவரிடம் போலீஸ் சான்று கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். முன்பு குடியிருந்த எவரிடமும் கேட்டதில்லை.

2017-இல் கொச்சி மெட்ரோ திருநங்கையருக்கு வேலை கொடுத்தது. தங்க வீடு கிடைக்காமல் சிலர் அந்த வேலையையே விட்டார்கள். தமிழ்நாட்டில் 2008-லேயே நல வாரியம் வந்துவிட்டது. வாடகை வீட்டில் பாகுபாடு கூடாது என்கிறது திருநர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. ஆனால் அச்சட்டம் வந்தபோது, தண்டனைகளைச் சொல்லும் 18-ஆவது பிரிவில் வீடு மறுப்பவருக்கென்று எதுவும் இல்லை. எல்லாம் என்னைப் போன்ற வீட்டுக்காரர்களின் தயவு! கேவலமான ஏற்பாடு.

இதே போர்ஷனில் வாடகை பாக்கி வைத்து ஓடிய குடும்பஸ்தரை எதிர்வீட்டுக்காரருக்கு நினைவூட்டினேன். அவரைச் சிபாரிசு செய்தவர் இவர்தான். மாடிக்கு வந்தவரிடம் முன்பணம் வாங்கிவிட்டேன், எல்லோருக்கும் சொல்கிற அதே தொகை. தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்பதில்தான் இப்போது எங்களுக்குள் சண்டை.