கிளாஸ் எழுதத் தெரிந்தவர்களுக்கு முதல் வகுப்பு

உயர்நிலை ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் பாடத்துக்கு வரும் மாணவர்களுக்கு இன்ஹெரிடன்ஸ் (ஒரு கிளாஸ் இன்னொன்றின் பண்புகளைப் பெறுவது), பாலிமார்பிசம் (ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு கிளாஸும் தன் வழியில் பதில் தருவது) எல்லாம் ஏற்கெனவே தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். அந்த விளக்கங்களை மறுபடி சொல்லி முதல் வகுப்பை வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை. நேராக ஜாவாவோடு வரும் ஸ்டாக் கிளாஸைத் திறந்து திரையில் காட்டுவேன்.

ஸ்டாக்கில் கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். அதுதான் அதன் ஒரே விதி. ஆனால் ஜாவாவின் ஸ்டாக், வெக்டர் என்ற கிளாஸை இன்ஹெரிட் செய்து எழுதப்பட்டது. வெக்டரின் மெத்தட்கள், அதாவது அதன் செயல்கள் மொத்தமும் கூடவே வந்துவிட்டன. நடுவில் ஒன்றைச் செருகலாம், அடியிலிருந்து ஒன்றை உருவலாம், கம்பைலர் தடுக்காது. இதற்குப் பதிலாக, இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் வழி தரும் டெக் இன்டர்ஃபேஸைப் பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. ஆனாலும் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதால் ஸ்டாக் அப்படியே இருக்கிறது.

ஏன் இப்படி எழுதியிருப்பார்கள் என்று கேட்பேன். “கோடு மிச்சமாகுமே சார்” என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பதிலிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. எழுத வேண்டிய நிரல் வரிகள் மிச்சமாவது உண்மைதான். அதற்காக எந்த வாக்குறுதியை விட்டுக்கொடுத்தோம்?

கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கவ் 1987-இல் ஆற்றிய உரையிலும், ஜெனட் விங்குடன் சேர்ந்து 1994-இல் எழுதிய கட்டுரையிலும் இதைத்தான் கறாராக வரையறுத்தார். தாய் டைப்பை (இன்ஹெரிட் செய்யப்பட்ட வகையை) நம்பி எழுதிய நிரலில் சேய் டைப்பைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த நம்பிக்கை பொய்க்கக் கூடாது. இதைப் படித்த கையோடு ஜாவா அரேயை (ஒரே வகை மதிப்புகளின் வரிசையை) எடுப்போம். ஸ்டிரிங் அரேயை ஆப்ஜெக்ட் அரே என்று சொல்லி ஒரு மெத்தடிடம் கொடுத்து, அதற்குள் ஓர் இன்டீஜரை (முழு எண்ணை) வைத்துப் பார்க்கச் சொல்வேன். கம்பைல் ஆகும். ஓடும்போதுதான் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து விழும். இன்ஹெரிடன்ஸைப் பார்க்கும் பார்வை பலருக்கு மாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த பெரிய விஷயம் மாற்றம். மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் (நிரலின் தனிப் பகுதிக்குள்ளும்) மறைத்து வை என்று கணினி விஞ்ஞானி டேவிட் பார்னாஸ் 1972-இலேயே எழுதிவிட்டார். எந்த முடிவு மாறும் என்று முன்கூட்டியே கணிப்பதில்தான் சிரமம் இருக்கிறது. வட்டம், சதுரம் என்று கிளாஸ்கள் எழுதி, ஒவ்வொன்றிலும் பரப்பளவுக்கு ஒரு மெத்தட் வைத்திருக்கிறோம். முக்கோணம் சேர்ப்பது எளிது. ஒரு புதிய கிளாஸ் போதும். சுற்றளவும் வேண்டும் என்றால் எல்லாக் கிளாஸையும் திறக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் தனி ஃபங்ஷனாக வைக்கும் ஃபங்ஷனல் பாணியில் எழுதினால் நிலைமை தலைகீழ்: புதிய கணக்கு எளிது, புதிய வடிவம் கடினம். கணினி விஞ்ஞானி ஃபிலிப் வாட்லர் 1998-இல் இதற்கு எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயர் வைத்தார். ஆப்ஜெக்ட்தான் எல்லாவற்றுக்கும் விடை என்று நம்பி வந்த மாணவர்கள் இங்கே முரண்டு பிடிப்பார்கள். அந்த விவாதத்தை நான் அவசரப்படுத்துவதே இல்லை. கணக்குகளைக் கிளாஸ்களுக்கு வெளியே எழுத வழி தரும் விசிட்டர் பேட்டர்ன் ஒரு சுமையை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிறது என்பதை அவர்களே எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

மற்ற டிசைன் பேட்டர்ன்களை (அடிக்கடி வரும் வடிவமைப்புச் சிக்கல்களுக்கான அச்சுத் தீர்வுகளை) பருவத்தின் பின்பாதிக்குத் தள்ளிவிடுவேன். முன்பே கொடுத்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ, எங்கும் ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தரும் ஒரு ஃபேக்டரி முளைத்துவிடுகிறது.

மதிப்பீடும் இதற்கேற்பத்தான். முதலில் ஒரு நிரல் எழுதச் சொல்வேன். சில வாரம் கழித்துத் தேவையை மாற்றுவேன். பழைய நிரலில் எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருந்தது, ஏன் என்று விளக்க வேண்டும். நிரலுக்கு உள்ளதைவிட அந்த விளக்கத்துக்கு மதிப்பெண் கூடுதல். திருத்த நேரம் பிடிக்கும் என்று சக ஆசிரியர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு மாணவர் எப்படி யோசிக்கிறார் என்பது எனக்கு அந்தத் தாள்களில்தான் தெரிகிறது. அதனால் இந்த முறையை மாற்றுவதாக இல்லை.